தலை போன கல்யாணப் படம்

ஒற்றைத் தறியில் தொடங்கி அருப்புக்கோட்டையில் மூன்று பவர்லூம் கொட்டகை எழுப்பினேன். வானம் பார்த்த பூமியில் கிணறு வெட்டினேன். மகளைக் கட்டிக்கொடுத்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் மருமகன் சிங்கப்பூரிலிருந்து அகலமான டிவி கொண்டுவந்தார். அதில், பழைய சதுர டிவிக்காக எடுத்த கல்யாண வீடியோவின் இருபக்கமும் கருப்புப் பட்டை விழுந்தது. மங்கலப் படத்தில் கருப்பா? வீடியோ கடைக்காரரிடம் ஓடினேன்.

ஒல்லியான மனிதர், உட்காரவே மாட்டார். எதையும் உள்ளங்கையால் மறைத்து மறைத்துத்தான் பார்ப்பார். மகள் என் காலில் விழும் காட்சியில் திரையை மேலும் கீழும் மறைத்தார்.

“அண்ணாச்சி, அகலத் திரை நெறையணும்னா படத்த மேலயோ கீழயோ வெட்டணும். ஒங்க தலையா, கால்ல விழுற புள்ளையா?”

“பக்கவாட்டுல இழுத்து விடும்யா.”

“எல்லாரும் பூசணிக்காயாத் தெரிவாக.”

“அப்ப என் தலைய எடுத்திரும்.”

அவர் முதல்முறையாக உட்கார்ந்தார். ஏனென்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

தலையில்லாமல் ஆசீர்வதிக்கும் அந்தப் பட்டுவேட்டி நான்தான். படம் போடும்போதெல்லாம் அதைச் சொல்லியாக வேண்டும்.