கொசுறாக வந்த பலகை

சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். 1908 நவம்பரில், ஜெர்மனியின் துரிங்கியா மலைச்சாலையில், இது எனக்கே நடந்தது.

சைக்கிள் பட்டறையாக இருந்து கார் கம்பெனியாக மாறிய ஃபால்கன்ரோட், ஒன்பது கார்களோடு இழுத்து மூடப்பட்டது. ஒன்பதாவது காருக்கு உடம்பே பூட்டவில்லை. இரும்புச் சட்டம், எஞ்சின், சக்கரங்கள், ஓட்டுபவர் உட்கார ஒரு பலகை, அவ்வளவுதான். எர்ஃபுர்ட் நகரில் கார் வாங்கி விற்கும் நான் அதை அடிமாட்டு விலைக்குப் பேசி முடித்தேன். அப்பா குதிரை வியாபாரி. கொசுறு வாங்காமல் கிளம்பினால் எனக்குத் தூக்கம் வராது. மூலையில் கழற்றிப் போட்டிருந்த இன்னொரு பலகையைக் காட்டினேன்.

"அதையும் பூட்டிக் குடுங்க, மேஸ்திரி."

பட்டறை மேஸ்திரி வென்ட்சலின் முகம் சுருங்கியது. "அது பக்கத்து ஆள் பலகை. உங்ககூட யாரு வர்றா, குதிரைக்காரரே?"

"கடிவாளத்தை விட்டுட்டு குதிரைய மட்டும் ஓட்டிட்டுப் போனா, எங்கப்பா வீட்டுக்குள்ள விடமாட்டாரு. பூட்டுங்க."

பூட்டினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நான்கு மணிக்குக் கிளம்பினேன். மூடுபனி. ஏற்றம் தொடங்கியதும் வண்டி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது... யாரோ ஏறி உட்கார்ந்தது போல. பலகை காலி. ஸ்பிரிங் மட்டம் போலிருக்கிறது, இன்னும் விலையைக் குறைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஈரக் கம்பளிக் கோட்டின் வாடை. நான் போட்டிருந்தது தோல் கோட்டு.

பாதி ஏற்றத்தில் எஞ்சின் இருமியது. டுப்... டுப்... நின்றே போனது.

வண்டி பின்னோக்கி உருண்டது. பிரேக்கை இழுத்தேன். பிடிக்கவில்லை. பின்னால் பள்ளத்தாக்கு.

காதருகே ஒரு குரல்.

"இறங்கட்டுமா?"

"இறங்கு!" கத்திவிட்டேன்.

இடப்பக்கம் மேலெழும்பியது.

பூட்ஸ் ஓடும் சத்தம்.

மெத்தென்று ஒரு இடி.

வண்டி நின்றது.

இறங்கிப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பின்னால் கல் இல்லை. கட்டை இல்லை.

எதுவுமே இல்லை...

மேஸ்திரி வீடு வரை ஓடினேன். நடந்ததைச் சொன்னேன், அந்தக் குரலைத் தவிர. பைத்தியம் என்பாரே.

"ஏத்தத்துல எஞ்சின் நின்னா, பக்கத்து ஆள் குதிச்சு சக்கரத்துக்குக் கட்டை வைக்கணும்," என்றார். "ஒட்மாருக்கு அதான் வேலை. போன மாசம் அதே ஏத்தத்துல இதே வண்டிய ஓட்டிப் பார்த்தோம். ஓட்டினது நான். கட்டைய பட்டறையிலயே மறந்துட்டோம்."

"அப்புறம்?"

"கட்டைக்குப் பதிலா முதுகைக் குடுத்துட்டான். அங்கேயே போயிட்டான்."

மேஸ்திரி என் பக்கம் குனிந்தார்.

"ஓட்டுறவன் சொல்லாம அவன் இறங்கவே மாட்டான். உங்ககிட்டயும் கேட்டிருப்பானே... நீங்க என்ன சொன்னீங்க?"