பூட்டி வைத்த புகார் நோட்டு

1. கவரைப்பேட்டையில் நான் மேற்பார்வையாளராக இருக்கும் துணிப்பை யூனிட், தொழிலாளர் நலனைச் சரிபார்த்துச் சேர்க்கும் நியாய வணிகச் சங்கத்தில் சேர விண்ணப்பித்தது.
2. சேர்ந்தால்தான் வெளிநாட்டு ஆர்டர் கிடைக்கும்.
3. சங்க அதிகாரி சரிபார்க்க வந்த காலையில், தொழிலாளர்களின் புகார் நோட்டைப் பீரோவில் பூட்டி, புது நோட்டை வைத்தேன்.

"ஒரு புகார்கூட இல்லையா?" என்று அதிகாரி கேட்டார்.

தையல் மெஷினில் இருந்த மேரி அக்கா நிமிர்ந்தார். "இன்னாம்மா, இது புதுசா கீது? நம்ம நோட்டு எங்க? ஃபேன் ஓடலன்னு நான் எழுதனதும் நீதான மாத்திக் குடுத்த!"

உண்மையைச் சொல்லி, பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு புகாரையும், எதிரே நான் எழுதியிருந்த தீர்வையும் அதிகாரி படித்தார். "புகாரே இல்லாத யூனிட்டை நான் நம்புறதில்ல" என்று சிரித்தார்.

இப்போது நாங்கள் சரிபார்க்கப்பட்ட உறுப்பினர்கள். நோட்டு வாசலருகே ஆணியில் தொங்குகிறது. மேரி அக்காவின் கடைசிப் புகார், டீ ஆறிப்போய் வருகிறது என்பது. அது மட்டும் இன்னும் தீரவில்லை.