நிறமே காட்டாத குடுவை

பல்கீஸின் கண்ணுக்குத் தப்பி ஒரு கீறல்கூட வெளியே போனதில்லை என்று மானகிரிப் பட்டறைக்கார இமானுவேல் பெருமையடித்துக்கொள்வார். கல்லூரி ஆய்வகங்களுக்குக் கண்ணாடிக் குடுவை ஊதுவது அவர் வேலை. ஊதியதை மின் அடுப்பில் வைத்துச் சூட்டைப் பையப் பைய இறக்குவது பல்கீஸ் வேலை. பிறகு விளக்குக்கு எதிரே இரண்டு கறுப்புக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிடித்துப் பார்ப்பாள். உள்ளே இறுக்கம் இருந்தால் நிறம் நிறமாகத் தெரியும்; எந்நேரமும் வெடிக்கலாம். நிறமே தெரியாவிட்டால் நல்ல சரக்கு. புருஷன் மௌத்தான பிறகு அந்தத் தகடுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் மகள் அர்ஷியாவை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"அம்மா, வேலை கிடைச்சிருச்சு! காலேஜ் லேப்ல!"

பல்கீஸுக்குத் தலைகால் புரியவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டபடி பஸ்ஸுக்கு ஓடினாள். அடுப்பை அணைத்தாளா? எங்கே அணைத்தாள்! இமானுவேலும் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். சனி, ஞாயிறு பட்டறை திறக்கவில்லை. என்றைக்கும் போகிற கரண்டு அந்த இரண்டு நாளும் போகவே இல்லை.

திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. அடுப்பின் சூடு காட்டும் முள் வைத்த இடத்தில் நிற்காமல் எங்கோ மேலே ஏறி நின்றது. கரண்டு பில்லுக்கு இமானுவேல் தாம்தூம் என்று குதிப்பாரே! சத்தமில்லாமல் அணைத்தாள், யாரிடமும் மூச்சுவிடவில்லை. அடுப்பு ஆறிய பிறகு பார்த்தால், உள்ளே இருந்த நாலு குடுவைகளில் ஒன்றும் உடையவில்லை. தகடுகளுக்கு நடுவே பிடித்தாள். துளி நிறம் இல்லை. இவ்வளவு சுத்தமான சரக்கை அவள் பார்த்ததே கிடையாது. இருட்டுப் பக்கம் திருப்பினால் மட்டும் லேசாக ஒரு நீலம். துணியால் துடைத்தும் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், அழகாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் அர்ஷியாவின் கல்லூரியிலிருந்தே ஆர்டர் வந்தது. பெற்றவள் வேறென்ன செய்வாள்? இருப்பதிலேயே நல்லது என்று அந்த நாலையும் பொறுக்கி எடுத்து, பேப்பர் சுற்றி அனுப்பிவைத்தாள்.

ஆறு மாதம் அவற்றில் ஆசிட் கொதித்தது. ஒருநாள் அர்ஷியா தூக்கிய குடுவையின் அடிப்பக்கம் அப்பளமாக நொறுங்கியது. ஆசிட் தெறித்து இடது கண் போயிற்று. விசாரித்தவர்கள், மேஜையில் இடித்து உடைத்துவிட்டாள், கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். கண்ணைப் பறிகொடுத்தவள் தலையிலேயே பழியும் விழுந்தது. இனி வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள், கல்நெஞ்சக்காரர்கள்.

இமானுவேல் கல்லூரியில் கேட்டு வாங்கிய உடைந்த துண்டோடு மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தாவில் பல்கீஸிடம் காட்டினார்.

"பாரும்மா, விரல்ல மாவா உதிருது. ரொம்ப நேரம் அதிகச் சூட்டுல கெடந்தா கண்ணாடி உள்ளுக்குள்ளயே ரெண்டா பிரிஞ்சுரும். பார்வைக்கு ஒண்ணுதான். ஆனா ஒரு பங்கை ஆசிட் அரிச்சுத் தின்னுரும், மிச்சம் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா நிக்கும்."

"என்னண்ணே சொல்றீக? தகட்டுல சுத்தமா இருந்துச்சே!"

"தகட்டுல இறுக்கம்தான் தெரியும். இது தெரியாது; இருட்டுப் பக்கம் பிடிச்சா லேசா நீலம் அடிக்கும், அம்புட்டுத்தான். நம்ம அடுப்பு எப்ப அப்பிடிக் கெடந்துச்சுன்னுதான் வெளங்கல."

பல்கீஸ் உள்ளே போனாள். அர்ஷியா கட்டுப்போட்ட முகத்தோடு படுத்திருந்தாள்.

"நான் எங்கயும் இடிக்கலம்மா. நீயாவது நம்பு."

அதற்குமேல் பல்கீஸால் தாங்க முடியவில்லை. "நீ இடிக்கலத்தா. உனக்கு வேலை கிடைச்ச அன்னைக்கி அடுப்பை அணைக்காம ஓடியாந்துட்டேன். அதுல வெந்ததைத்தான் நல்லதுன்னு உனக்கு எடுத்து வச்சேன். பாவி நான், என் கையாலயே..." அழுகையில் மீதி வரவில்லை.

அர்ஷியா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "நாலுல்ல அனுப்புன?"

"ஆமா."

"மிச்சம் மூணும் அங்குட்டுத்தான் இருக்கு. இன்னைக்கி பிராக்டிகல். பிள்ளைக அதுலதான் ஆசிட் காய்ச்சுவாக."

பல்கீஸுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பிள்ளையைத் தவிர வேறு பிள்ளைகளை அவள் நினைக்கவே இல்லை. வராந்தாவுக்கு ஓடி இமானுவேலின் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, காலேஜுக்குப் போன் போடுங்க. அந்த மூணையும் எடுக்கச் சொல்லுங்க. அடுப்பை விட்டுட்டுப் போனது நான்தான். இல்ல, போனைக் குடுங்க, நானே சொல்றேன்."

கல்லூரியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.