மிஷின் சத்தமும் வக்கீல் பூனையும்

தையல்காரம்மாவின் வம்சத்தில் வீம்பு இல்லாத ஆளைத் தேடத்தான் வேண்டும். அவளுடைய அப்பா ஒரு குடைக்காகத் தன் மூத்த அண்ணனோடு பேச்சை விட்டவர். அந்த அண்ணனின் கடைசிப் பெண், தன் சமையலில் உப்பு குறைவு என்று மைத்துனி சொன்னதற்காக அவள் வீட்டு வாசலை அப்புறம் மிதிக்கவேயில்லை. தையல்காரம்மாவின் வீம்பு மட்டும் சத்தம் போடாது. மனத்தாங்கல் வந்தால் நாலு குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு துணியின் மேல் குனிந்துவிடுவாள். வாயில் ஊசி இருக்கிறவளிடம் யார் போய் வாயைக் கொடுப்பது?

அவள் குடியிருந்தது மாடியில். கீழே ஒரு நர்ஸம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வீட்டுக்கும் ஒரே மாடிப்படி, ஒரே வாசல். ஏறி இறங்குகிற வழியில் மாடிப் பையனும் கீழ்வீட்டுப் பெண்ணும் பார்த்தார்கள், பேசினார்கள், ஒருநாள் கல்யாணம் என்று வந்து நின்றார்கள். மருமகள் தன் பெட்டியைப் பத்துப் படி மேலே தூக்கிக்கொண்டு வந்ததுதான் புகுந்த வீட்டுப் பயணம். அதுவரை "என்னக்கா, தண்ணி வருதா?" என்று பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் மறுநாளே "வாங்க சம்பந்தி, சொல்லுங்க சம்பந்தி" ஆகிவிட்டார்கள். மரியாதை கூடியது, பேச்சு குறைந்தது.

தையல்காரம்மாவிடம் ஒரு நாய். பெயர் முதலாளி. அவள் கணவர் போய்ச் சேருவதற்கு முந்தின வருஷம் மீன்கூடையில் போட்டுக் கொண்டுவந்த குட்டி. கன்றுக்குட்டி மாதிரி வளர்ந்துவிட்டது. நர்ஸம்மாவுக்கு நாய் கிடையாது. ஆனால் தெருவில் திரிகிற பூனைகள் எல்லாம் அவருக்குப் பிள்ளைகள். காலையும் மாலையும் படிக்கு அடியில் தட்டு வைப்பார். அந்தக் கூட்டத்தில் ஒரு காது கிழிந்த கடுவன் பூனை ஒன்று உண்டு. சாப்பாடு கொஞ்சம் தாமதமானாலும் நிறுத்தாமல் வாதாடும். அதனால் அதற்கு வக்கீல் என்று பெயர்.

நாயை வெளியே கூட்டிப் போகிற நேரமும் தட்டு வைக்கிற நேரமும் ஒன்று. ஒரு நாள் காலை முதலாளி வக்கீலைப் பார்த்து ஒரே பாய்ச்சல். நாயின் கழுத்து வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்த தையல்காரம்மா படியோடு சறுக்கிக்கொண்டு போனாள். வக்கீல் ஓடவில்லை. முதலாளியின் மூக்கில் ஒரு கோடு இழுத்துவிட்டு ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்தது.

நர்ஸம்மா முதலில் சம்பந்தியின் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டார், அப்புறம் நாயின் மூக்குக்கு மருந்து வைத்தார்.

"வாரைக் கையில சுத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது, சம்பந்தி?"

"எப்போ சொன்னீங்க?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

மகன் மாலையில் கட்டைப் பார்த்ததும் குதித்தான். "இதாம்மா கடைசி. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா முதலாளியை என் ஃப்ரெண்டோட மச்சான் குடோனுக்கு அனுப்பிடறேன். காவலுக்கு நாய் வேணும்னு கேட்டுட்டே இருக்கார்."

"சங்கிலில கட்டிப் போடுவாங்களா?"

"பின்னே, சோபாவுல உக்கார வைப்பாங்களா?"

தையல்காரம்மா ஊசியை வாயில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் தைத்த ரவிக்கையில் ஒரு கை உள்பக்கம் வெளியே வந்திருந்தது.

சம்பந்தியிடம் போய், தட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது. பெண்ணைக் கொடுத்த இடம், எப்படிக் கேட்பது? நாமே ஒதுங்கிப் போவோம் என்று, விடிவதற்கு முன்னாலேயே நாயை இறக்குவது என முடிவு செய்தாள். கீழே நர்ஸம்மாவும் அதே ராத்திரி அதே யோசனையில் இருந்தார். மருமகனின் அம்மாவிடம் போய் நேரத்தை மாற்றுங்கள் என்று சொல்வதா? நாமே விடிவதற்கு முன்னாலேயே தட்டு வைத்துவிடுவோம்.

ஆக, மறுநாள் அரை இருட்டில் அதே படி, அதே நாய், அதே வக்கீல்.

இந்தத் தடவை தையல்காரம்மா வாரைச் சுற்றவில்லை. நாய் எம்பியதும் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்து, நல்ல கையால் படிக் கம்பியைக் கட்டிக்கொண்டாள். நர்ஸம்மா வக்கீலை வாரி எடுத்தார். அது அவர் தோளேறித் தலைமேல் நின்றுகொண்டு வாதத்தைத் தொடங்கியது. தட்டு உருண்டு போய்ச் சுவரில் மோதியது.

மேலே கதவு திறந்தது. "அத்தை! என்ன சத்தம்? முதலாளி மறுபடியும் பாஞ்சிடுச்சா?" மருமகளின் குரல்.

தையல்காரம்மாவுக்குக் குடோனும் சங்கிலியும் கண்முன் வந்து நின்றன. நாயின் வாயைப் பொத்திக்கொண்டு சம்பந்தியைப் பார்த்தாள். பெற்ற மகள் கேட்கிறாள், உள்ளதைச் சொல்லிவிட்டால் பூனைகளுக்கு இனித் தொல்லையே இல்லை.

"ஒண்ணுமில்லடி," என்றார் நர்ஸம்மா, தலையில் பூனையோடு. "கை தவறித் தட்டு விழுந்துடுச்சு. நீ போய்ப் படு."

கதவு சாத்திக்கொண்டது.

"உங்களுக்குத் தொந்தரவு வேணாம்னுதான் சீக்கிரமா இறக்கினேன்," என்று கிசுகிசுத்தாள் தையல்காரம்மா.

"உங்களுக்குத் தொந்தரவு வேணாம்னுதான் நானும் சீக்கிரமா வச்சேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொன்னீங்களா?"

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு முட்டியது. மேலே கேட்டுவிடக்கூடாதே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து குலுங்கினார்கள். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. எம்புவதை மறந்து இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தது.

"இவன் எப்பத்தான் அடங்குவான்?" என்றார் நர்ஸம்மா.

"மிஷினை மிதிச்சேன்னா போதும். அடியில வந்து படுத்துக் குறட்டை விடுவான். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்."

"அந்தச் சத்தமா? எனக்குத்தான் தலைக்கு மேல ரயில் ஓடற மாதிரி கேக்குதே!"

"அப்போ ரயில் ஓடும்போது தட்டை வைங்க, சம்பந்தி."

அப்படியே முடிவாயிற்று. மேலே மிஷின் ஓடினால் கீழே தட்டு வரும். மிஷின் நின்றால் நர்ஸம்மா தட்டை எடுத்துவிடுவார். இறங்குவதற்கு முன் தையல்காரம்மா வாய்விட்டு, "சம்பந்தீ, வர்றோம்!" என்று குரல் கொடுப்பாள். அந்தப் பரம்பரையில் யாரும் வீம்பை விட்டு அப்படிக் கூப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. வாருக்குப் பழைய மெத்தைத் துணியில் கனமாக ஒரு கைப்பிடியும் தைத்துக்கொண்டாள்.

குடோன்காரர் ஒருநாள் நாயைப் பார்க்க வந்தார். மிஷினுக்கு அடியில் நாலு காலையும் பரப்பித் தூங்கிய முதலாளியைக் காலால் தட்டிப் பார்த்தார். "இதுவா காவல் காக்கும்? இதுக்கு நான் ஒரு காவல்காரன் போடணும் போல இருக்கே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் மகன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பூனைகள் சீக்கிரமே பழகிக்கொண்டன. மிஷின் தடதடத்தால் மதிலிலிருந்தும் கூரையிலிருந்தும் இறங்கி வந்து வரிசையாக உட்கார்ந்துவிடும். தைக்கத் துணியே இல்லாத ஒரு மாலை, வக்கீல் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பதை ஜன்னல் வழியாகக் கண்டாள் தையல்காரம்மா. போய் உட்கார்ந்து வெறும் மிஷினை மிதித்தாள். முதலாளி அடியில் வந்து சுருண்டது.

கீழிருந்து குரல் வந்தது. "சம்பந்தி, துணி வைக்காம ஓட்டறீங்களா? சத்தம் வேற மாதிரி கேக்குது!"

"தைக்க ஒண்ணுமில்ல! உங்க பிள்ளைங்க பசியோட நிக்குதேன்னு ஓட்டறேன்!"

"அப்போ இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுங்க, சோறு ஆறட்டும்!"

தையல்காரம்மா மிதித்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவள் வாயில் ஊசி ஒன்றும் இல்லை.