ச ரி க ம என்ற ரகசிய எழுத்து

தங்கச் சுரங்கத்தின் காவல் பிரிவான வாட்ச் ஆபீஸில் மொழிபெயர்க்கும் வேலையில் எனக்கு அது முதல் நாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். யாரும் கேட்காமலே அதைச் சொல்லும் பழக்கமும் அப்போது எனக்கு இருந்தது.

தொழிலாளிகளின் பஜனைக் கோஷ்டி வழியாகத்தான் தங்கம் திருட்டுத்தனமாக வெளியே போகிறது என்று ஆபீஸை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்குச் சந்தேகம். காசி என்ற வாட்ச்மேனைத் தாளம் போடுகிறவனாக அங்கே வேவு பார்க்க அனுப்பியிருந்தார். ஒரு மாதம் தாளம் தப்பிய பிறகு, கோஷ்டியை நடத்தும் முனுசாமியின் பெட்டியிலிருந்து காசி ஒரு தாளை எடுத்து வந்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

தாள் முழுவதும் தனித்தனித் தமிழ் எழுத்துகள். வார்த்தை ஒன்றுகூட இல்லை. புரியவில்லை என்று முதல் நாளே சொல்ல மனம் வரவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் அழகாக இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன்: எஸ், ஆர், ஜி, எம்.

துரை துள்ளி எழுந்தார். "எஸ், ஷாஃப்ட்! ஆர், ரீஃப்! ஜி, கோல்ட்! எம், மில்! நீ ரொம்ப கெட்டிக்காரி!"

இறங்கும் குழி, தங்கம் ஓடும் பாறை, தங்கம், அரைக்கும் ஆலை: எல்லாம் சுரங்கத்து வார்த்தைகள். மிச்சமிருந்த பி, டி எல்லாம் என்னவென்று நான் கேட்கவில்லை. பாராட்டு இனித்தது.

மத்தியானமே முனுசாமியைச் சுரங்கத்திலிருந்து மேலே ஏற்றி, விலங்கு மாட்டி அடைத்தார்கள். வேலை போகும், கம்பெனி கொடுத்த லைன் வீடு போகும், ஜெயிலும் உண்டு என்றார்கள். அவர் மனைவி அலமேலு ஆபீஸ் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"இன்னாதான் எழுதியிருக்குது அதுல? படிச்சிக் காட்டும்மா."

"ச... ரி... க... ம..." என்று படித்தேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அடிப்பாவி, இது பாட்டுப் பாடம்டீ! எங்க வூட்டு ஆட்டுக்கே மனப்பாடம். மிசன் இஸ்கூலுல இதக்கூட சொல்லித் தரலியா?"

சொல்லித் தரவில்லை. அங்கே எங்களுக்கு வெள்ளைக்காரர் ஸ்வரங்களான டோ, ரே, மீதான்.

உள்ளே போய், தப்பு என்னுடையது என்றேன். துரை நம்பவில்லை. முனுசாமியைக் கொண்டுவந்து, அந்தத் தாளைப் பாடிக் காட்டச் சொன்னார். விலங்கோடு அவர் பாடினார். மூலையில் நின்ற காசி தன்னை மறந்து தொடையில் தாளம் போட்டான், அதையும் தப்பாக. முனுசாமி பாட்டை நிறுத்திவிட்டார்.

"தொரே, என்னிய உள்ள போடறதுன்னா போடுங்க. இவன மட்டும் மறுபடி பஜனைக்கு அனுப்பாதீங்க."

துரை வாய்விட்டுச் சிரித்தார். விலங்கு கழன்றது. ஆனால் ரிப்போர்ட்டில், 'ரகசிய எழுத்தின் பொருளை ஆபீஸ் கண்டுபிடித்தது' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். பொய் இல்லையே!

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தாள் புரியாவிட்டால் புரியவில்லை என்றே எழுதுங்கள். அதற்கும் இங்கிலீஷில் வார்த்தை உண்டு. படித்தவளான எனக்குத்தான் அன்று அது ஞாபகம் வரவில்லை.