பெயர்ப் பட்டையை உரிக்கும் வேலை

நியூஜெர்சியில் ஓர் ஐஸ் ஹாக்கி அணியின் பயிற்சி அரங்கில் எனக்குத் துணி துவைக்கும் வேலை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அக்கா ஸ்பான்சர் செய்து நாற்பது வயதில் வந்தேன். யாரோடும் எளிதில் பேச வராது. அப்படிப்பட்டவனுக்கு இது நல்ல வேலைதான். காலை ஆறு மணிக்கு மெஷினைப் போட்டால் மதியம் வரை யாருக்கும் நான் தேவையில்லை.

எங்களுடையது பெரிய லீக் அணி அல்ல, அதற்கு ஒரு படி கீழே. ஆட்கள் வருவார்கள், போவார்கள். ஒருவரை நீக்கினால் பயிற்சியாளர் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்வார். ஆனால் அதற்கு முன்பே, உடை மாற்றும் அறையில் அவருடைய இருக்கைக்கு மேல் ஒட்டியிருக்கும் பெயர்ப் பட்டையை உரித்து, சாமான்களைக் கறுப்புப் பையில் கட்டி வைத்துவிட வேண்டும். வருகிறவர் பையைப் பார்த்ததுமே தெரிந்துகொள்வார். உரித்தவன் அப்போது அவர் கண்ணில் படக்கூடாது என்பது வழக்கம். உரிப்பவன் நான்.

போன குளிர்காலத்தில் தடுப்பாட்டக்காரராக ஒரு கனடாக்காரர் வந்தார். முப்பத்து நான்கு வயது, தாடியில் நரை. ஜெர்மனி, ஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று ஆடிவிட்டு வந்தவர். எல்லோருக்கும் ஒரு மணி நேரம் முன்பே வந்து, தன் ஸ்டிக்குகளுக்கு டேப் சுற்றிக்கொண்டிருப்பார். எதிரே நான் துண்டு மடிப்பேன். பல வாரங்கள் எங்களுக்குள் ‘மார்னிங்’ தவிர வேறு சொல் இல்லை.

ஒருநாள் அவராகவே கேட்டார். அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

“எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?”

“பதினொன்று.”

“ஒரே ஊர்லயா?”

“ஆமாம். பிஸ்கட்டவே. அக்கா வீட்டு பேஸ்மென்ட்.”

“அதிர்ஷ்டக்காரர்யா நீங்க. பதினொரு வருஷத்துல நான் ஒன்பது ஊர். என் பொண்ணுக்கு நான் ஒரு போன் மாதிரி. அப்பப்ப ரிங் ஆவேன்.”

அன்றுதான் சொன்னார், அவருடையது வெறும் சோதனைக் கான்ட்ராக்ட் என்று. ஜனவரி கடைசியில் வைத்துக்கொள்வார்களா அனுப்புவார்களா என்று முடிவாகும். வைத்துக்கொண்டால் மனைவியையும் மகளையும் கனடாவிலிருந்து அழைத்து வரலாம். அனுப்பிவிட்டால் இந்த வயதில் வேறு அணி கிடைக்காது, ஆட்டமே முடிந்தது.

அந்த பேஸ்மென்ட்டைப் பார்த்து இதுவரை யாரும் பொறாமைப்பட்டதில்லை. அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் அணி தொடர்ந்து ஐந்து ஆட்டங்கள் ஜெயித்தது. அவரும் நன்றாக ஆடினார். கவசத்துக்கு உள்ளே ஒரு சாம்பல் பனியன் போடுவார், கழுத்து கிழிந்தது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே போடும் பனியனைத் துவைக்கக்கூடாது என்பது இவர்கள் நம்பிக்கை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேலாளர் எனக்குச் சொன்ன விஷயம்தான் அது. அந்தப் பனியன் கொக்கியில் விறைத்துத் தொங்கும். ஆனால் அவருக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் போலிருந்தது. வாயால் சொல்ல வராதவனுக்குக் கைதானே உண்டு. ஒரு மதியம் அதை எடுத்துத் துவைத்து, கழுத்தைத் தைத்து, மடித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். தையலை விரலால் தடவினார். போட்டுக்கொண்டார். அன்றைய ஆட்டத்தில் அணி தோற்றது. எதிரணி போட்ட இரண்டு கோலும் அவரைத் தாண்டித்தான் போயின. அதற்கடுத்த ஆட்டங்களில் அவரைப் பாதி நேரம் உட்கார வைத்தார்கள்.

வீட்டில் இதைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டாள்.

“டேய், சட்டையத் துவைச்சா டீம் தோக்குமா? உங்க மாமா சட்டைய நான் இருபது வருஷமா துவைக்கிறேன். அவருக்கு ப்ரமோஷன் வராதது என்னாலதானா?”

சோபாவிலிருந்து மாமா சொன்னார். “இப்பதான் காரணமே தெரியுது. ஹெச்.ஆர்-கிட்ட கம்ப்ளெய்ன்ட் பண்ணணும்.”

“அப்ப மாமா டல்லாஸுக்கு ஃப்ளைட் ஏறினா, அவர் லேண்ட் ஆகற வரைக்கும் நீ ஏன் வீடு துடைக்க மாட்டேங்கற?” என்று கேட்டேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது. “அது வேற, இது வேற. சாப்பிடு.”

வேறல்ல என்று எனக்குத் தெரியும். ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை தரையில் தண்ணீர் படாத வீட்டில் இருந்துகொண்டு, நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது.

ஜனவரி கடைசி வாரம். காலையில் மேலாளர் என்னிடம் வந்து அவருடைய இருக்கையைக் காட்டி, “எட்டு மணிக்குள்ள முடிச்சிடு” என்றார். மற்றவர்களுக்குச் செய்வதுபோல் உடனே செய்திருக்கலாம். அன்று தேவையில்லாத துண்டுகளையெல்லாம் மடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஸ்டூலில் ஏறி நின்று பட்டையைப் பாதி உரித்தபோது கதவு திறந்தது. அவர் சீக்கிரம் வருகிறவர் என்பது எனக்குத் தெரியாததா?

கையில் காபியோடு நின்றார். பட்டையைப் பார்த்தார், பிறகு என்னை. நான் கீழே இறங்கவும் இல்லை, உரிக்கவும் இல்லை.

“இடது பக்கம் இழுத்தா கிழியும்,” என்றார். “வலது பக்கத்துலேர்ந்து, மெதுவா.”

காபியை வைத்துவிட்டு வந்து, தானே மீதியை உரித்தார். ஒரு கிழிசல் இல்லாமல் வந்தது.

“பனியனைத் துவைச்சது நான்தான். மன்னிச்சிடுங்க,” என்றேன். அவரிடம் நான் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

“தெரியும். வேற யாருக்கு இங்க தைக்கத் தெரியும்?” முழங்காலைத் தட்டிக் காட்டினார். “இது ஸ்லோ ஆயிடுச்சு. எல்லாருக்கும் தெரியும், எனக்கு அவங்களுக்கு முன்னாடியே தெரியும். பனியன் பாவம், அதை விடுங்க.”

பயிற்சியாளர் அறையில் ஐந்து நிமிடம்தான் இருந்தார். அதற்குள் கட்டி வைத்த பையை நானே தூக்கிக்கொண்டேன், அவர் தடுக்கவில்லை. காரில் ஏற்றிவிட்டு உள்ளே வந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எஞ்சின் ஓடியது, கார் நகரவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. கோட்டுப் போடாமலே வெளியே போனேன். அவர் கண்ணாடியை இறக்கினார்.

“ஏதாவது விட்டுட்டேனா?”

“இல்லை.”

பனியிலேயே நின்றேன்.

“குளிருது, உள்ள உக்காருங்க.”

உட்கார்ந்தேன். போன் அவர் மடியில் இருந்தது. மனைவியின் எண்ணை எடுப்பார், வைப்பார். இரண்டு தடவை அப்படி. மற்ற ஆட்டக்காரர்களின் கார்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எங்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை, அதுவும் வழக்கம்தான். மூன்றாவது தடவை அழைத்தார்.

“ஆமாம், இன்னைக்குச் சொல்லிட்டாங்க,” என்றார். மனைவி ஏதோ கேட்டது போனிலிருந்து மெல்லிதாகக் காதில் விழுந்தது.

அவர் என் பக்கம் பார்க்காமல் பதில் சொன்னார்.

“இல்லம்மா, தனியா இல்ல. கூட வேலை செய்யறவர் ஒருத்தர் பக்கத்துல இருக்கார்.”

நான் அசையாமல் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.