கப்பல்காரரும் ஒரு ‘ஆமாங்க’வும்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை வண்டி ஏறினால், கச்சிராயபாளையம் தாண்டும் வரைக்கும்தான் நான் மனுஷி. அதற்கப்புறம் மலை வளைவுகள் தொடங்கிவிடும். கையில் எலுமிச்சம்பழமும் மடியில் பிளாஸ்டிக் பையுமாக உட்கார்ந்திருப்பேன். மேலே ஒரு அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்தப் போகிறவள் தினமும் வாந்தி எடுத்துக்கொண்டே போவாள். என்னைப் பார்த்ததுமே கண்டக்டர் ஜன்னல் ஓரத்தைக் காலி பண்ணிக் கொடுப்பார். “இன்னுமா டீச்சர் பழகல?” என்று கேட்காதவர்கள் இல்லை. பழகவில்லை. சில உடம்புக்குச் சிலது பழகாது, அவ்வளவுதான்.

அதனாலோ என்னவோ, பரிணாமப் பாடத்தில் வருகிற அந்தக் கப்பல்காரர் மேல் எனக்கு ஒரு ஒட்டுதல். புத்தகத்தில் தாடி வைத்த கிழவராகத்தான் படம் போட்டிருப்பார்கள். கப்பல் ஏறும்போது அவர் இருபத்திரண்டு வயசுப் பையன். வண்டு பொறுக்கிக்கொண்டு, அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரிந்தவர். ஏறக்குறைய ஐந்து வருஷம் உலகத்தைச் சுற்றினார். கடலில் இருந்த நாளெல்லாம் அவருக்கும் குமட்டல் நின்றபாடில்லை. இதைச் சொன்னால் வகுப்பில் ஒரே சிரிப்பு. கடலையே பார்க்காத பிள்ளைகள். “அஞ்சி வருசம் கப்பல்ல இன்னா டீச்சர் துன்னாரு?” என்று ஒருத்தன் கேட்டான். ஒரு தீவுக்கூட்டத்தில் ஆமைகளைப் பிடித்துக் கப்பலில் ஏற்றித் தின்றார்கள், தீவுக்குத் தீவு அந்த ஆமை ஓடு வேறு மாதிரி இருப்பதன் அருமை பின்னால்தான் அவருக்குத் தெரிந்தது என்றேன். பாடம் யாருக்கு ஏறியதோ, அன்றிலிருந்து எனக்கு ‘ஆமை டீச்சர்’ என்று பெயர் வந்தது.

அந்த வருஷம் காலாண்டுத் தேர்வில் ‘தக்கன பிழைத்தல் – விளக்குக’ என்று ஒரு கேள்வி வைத்தேன். மலைக் கிராமத்துப் பெண் ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: ‘உடம்பில் வலு உள்ளவர்கள் தீபாவளி முடிந்ததும் வெளியூர் போய்ப் பிழைப்பார்கள். வலு இல்லாதவர்கள் ஊரிலேயே இருந்து ஆடு பார்ப்பார்கள்.’ முதலில் சிரித்துவிட்டேன். மலையில் ‘பிழைக்கப் போறது’ என்றால் அதுதானே அர்த்தம்? தீபாவளி முடிந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடகுக்குக் காப்பிப்பழம் பறிக்கப் போவார்கள். உயிர் தப்பினாலும் பிழைத்தான், கூலிக்குப் போனாலும் பிழைத்தான், தப்பாக எழுதினாலும் பிழை. இந்த மொழியில் இந்தப் பாடத்தை நடத்துகிறவள் பிழைப்பைக் கேட்கவே வேண்டாம். பாதி மதிப்பெண் போட்டேன்.

அந்த விடைத்தாள் எச்.எம். கண்ணில் பட்டது. திருக்கோவிலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்து ஆள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் எச்.எம்.களைக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைப்பார்கள், போன வருஷம் இவர் நின்றிருந்தார். இந்த முறை நூற்றுக்கு நூறு வாங்கியே தீர வேண்டும் என்று இருந்தார். அதற்கு அவர் கண்ட வழி, பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்புவதற்கு முன்னால் தேறாத பிள்ளைகளை டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்வது. அதற்கு ‘களையெடுப்பு’ என்று பெயரும் வைத்திருந்தார்.

“இத எழுதன பொண்ண வச்சிக்கினு எப்படி டீச்சர் நூறு வாங்கறது? ப்ரைவேட்டா எழுதிக்கட்டும். தக்கன பிழைத்தல்னு நீங்கதானே நடத்தறீங்க? நான் இன்னா புதுசா பண்ணிட்டேன்?”

சொல்ல நிறைய இருந்தது. அந்த வாசகமே முதலில் கப்பல்காரருடையது இல்லை, வேறொருவர் சொன்னதைப் பின்னால் அவர் எடுத்துக்கொண்டார். தக்கது என்றால் உயர்ந்தது இல்லை, அந்த இடத்துக்குப் பொருந்துவது. ஒரு தீவுக் குருவிக்குத் தகுந்த அலகு அடுத்த தீவில் தகாது. வயதான காலத்தில் அவரும் சறுக்கி எழுதிய இடங்கள் உண்டுதான். ஆனால் மேலே உட்கார்ந்திருந்தவர்கள் கீழே கிடப்பவனை மிதிக்க அவர் பேச்சையே செருப்பாக மாட்டிக்கொண்டார்களே, அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல! காலையில் வாந்தி எடுத்த வயிறு, எனக்குத் தெம்பில்லை. “அது குருவிக்கு சார்” என்றேன்.

“குருவிக்கு ஒரு நாயம், மனுசனுக்கு ஒரு நாயமா?” என்றார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் அப்பாவை வரச் சொன்னார். வகுப்பாசிரியை என்பதால் நானும் அறையில் இருந்தேன். அவர் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மகள் அவருக்குப் பின்னால் நின்றாள்.

“பொண்ணு படிப்புல கம்மியா கீதுப்பா. எதுக்கு வீண் பாடு? டி.சி. வாங்கிக்கினு வேலைக்கி கூட கூட்டிக்கினு போறியா? உனக்கு இஷ்டம்தானே?”

“ஆமாங்க.”

“உனக்கும் இஷ்டம்தானேம்மா?” என்று மகளைக் கேட்டார்.

“ஆமாங்க சார்.”

எச்.எம். என் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா டீச்சர்? நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல. அவங்க வாயாலயே சொல்றாங்க.”

எனக்குச் சுரீர் என்றது. நான் படித்திருந்த ஒரு சங்கதி அப்படியே கண்ணெதிரில் நடந்தது. அந்தக் கப்பலில் கேப்டனும் நம் கப்பல்காரப் பையனும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள். தென்னமெரிக்கக் கரையில் ஒரு நாள் கேப்டன் அடிமை முறையைப் புகழ்ந்திருக்கிறார். ஒரு பண்ணைக்காரர் தன் அடிமைகளைக் கூப்பிட்டு, உங்களுக்கு விடுதலை வேண்டுமா என்று கேட்டாராம், எல்லோரும் வேண்டாம் என்றார்களாம். எசமான் எதிரில் சொன்ன பதிலுக்கு என்ன மதிப்பு என்று பையன் கேட்டுவிட்டான். என் பேச்சை நம்பாதவனோடு இனி ஒன்றாக இருக்க முடியாது என்று கேப்டன் கத்தினார். குருவியையும் ஆமையையும் விட இந்தக் கேள்விக்காகவே அந்தப் பயணத்தை எனக்குப் பிடிக்கும்.

“உங்க எதிர்ல வேற என்ன சார் சொல்வாங்க?” என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. “அப்ப நான் மிரட்டறேன்னு சொல்றீங்களா? வெளிய போங்க டீச்சர்.”

கேப்டன் சில மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பினாராம். எங்கள் எச்.எம். அனுப்பவில்லை. டி.சி. கையெழுத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அப்பாவையும் மகளையும் வெளியே பலாமரத்தடிக்குக் கூட்டிவந்தேன்.

“இங்க யாரும் இல்லைங்க. மனசு விட்டுச் சொல்லுங்க. பொண்ணு பரிட்சை எழுதட்டுமா?”

“ஆமாங்க,” என்றார்.

அதே குரல், கையில் அதே துண்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடி ஆத்தே, இவருக்கு நானும் ஒரு எச்.எம்.தானே! அந்த ‘ஆமாங்க’வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்தேன். தூரத்தில் அவர் கை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. ஒரு தடவை கத்தினார். அவள் அழுதாள், ஆனால் நகரவில்லை. பிறகு என்னிடம் வந்தாள்.

“எழுதறேன் டீச்சர். அப்பாவும் அம்மாவும் வேலைக்கி போறாங்க. தம்பிய நான் பாத்துக்கணும்.”

அவள் அப்பா கையெழுத்துப் போடவில்லை. அவள் பெயர் தேர்வுக்குப் போனது. அதற்கப்புறம் எச்.எம். என்னோடு வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. மாலையில் நிறுத்தி அவளுக்கும் இன்னும் சிலருக்கும் பாடம் சொன்னேன், கடைசி வண்டியில் மலை இறங்கினேன். விடியலிலேயே சோறு பொங்கித் தம்பிக்குப் போட்டுவிட்டு வந்து அவள் தூங்கி வழிவாள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

தேர்வு முடிவு வந்தது. இயற்பியலில் போய்விட்டாள். பள்ளியில் அவள் ஒருத்திதான் ஃபெயில். எச்.எம். சத்தம்கூடப் போடவில்லை. “இப்ப உங்க கப்பல்காரரு இன்னா சொல்றாரு டீச்சர்?” என்று மட்டும் கேட்டார். யாருக்காக இந்த வீம்பு, அவளை இழுத்துவைத்துக் கெடுத்தேனா என்று வழி முழுக்க அதே நினைப்பு.

மதிப்பெண் பட்டியல் வாங்க அப்பாவும் மகளும் எச்.எம். அறைக்கு வந்தார்கள், நானும் இருந்தேன். அப்பா இளைத்துக் கறுத்திருந்தார். எச்.எம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்பவே சொன்னேன், கேட்டியா? இனிமேலாவது பொண்ண வேலைக்கி கூட்டிக்கினு போப்பா. சரியா?” என்றார்.

அப்பா திரும்பி மகளைப் பார்த்தார். அவள் தலையை லேசாக ஆட்டினாள்.

“இல்லைங்க,” என்றார். “மறுக்கா எழுதட்டுங்க.”

நான் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்தாரோ என்னவோ, எச்.எம். என்னை முறைத்தார். நான் இல்லை. நான் கேட்க ஆசைப்பட்ட பதில்தான். ஆனால் அதை என் முகத்துக்காக அந்த அப்பா சொல்லவில்லை. நான் அந்த அறையில் இருந்ததே அவருக்குத் தெரிந்ததா என்பது சந்தேகம்.